ஓவல்டின் டப்பா சம்பளம்

எங்கள் தெருவில் அப்போது ரேடியோ இருந்தது சொல்தா தாத்தா வீட்டில் மட்டும்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஓய்வூதியத்தோடு புதுச்சேரி திரும்பியவர். புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு இலங்கை வானொலியின் இந்தி ஒலிபரப்பைத் திருப்பி வைப்பார். அவருக்கும் இந்தி தெரியாது, திண்ணையில் உட்கார்ந்திருந்த எங்களுக்கும் தெரியாது. ஆனாலும் "பெஹ்னோ அவுர் பாயியோ" என்று அந்தக் குரல் வந்ததும் பேச்சு நின்றுவிடும். பினாக்கா கீத்மாலா. பேசியவர் அமீன் சயானி. நமக்கு மயில்வாகனம், அப்துல் ஹமீது எப்படியோ, வடக்கே அவர் அப்படி.

2024 பிப்ரவரி 20 அன்று மும்பையில் தம் 91ஆம் வயதில் காலமானார். அன்றே எழுத நினைத்தேன். இப்போதுதான் கை வந்தது.

1932இல் பம்பாயில் பிறந்தவர். தாயார் குல்சும் சயானி முதியோர் கல்விக்காக உழைத்தவர். புதிதாக எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களுக்காக 'ரஹ்பர்' என்ற பத்திரிகையை எளிய மொழியில், நாகரி, உருது, குஜராத்தி என மூன்று எழுத்துகளில் நடத்தினார். சிறுவன் அமீன் அதில் கூடமாட வேலை செய்தான். அண்ணன் ஹமீது சயானி ஆங்கில ஒலிபரப்பில் பெயர் பெற்றவர். அவர் கையைப் பிடித்துக்கொண்டு பம்பாய் நிலையத்துக்குப் போய், ஆங்கில நிகழ்ச்சிகளில் பேசவும் செய்தான். ஆசை என்னவோ பாடகனாக வேண்டும் என்பதுதான். குரல் உடைகிற வயதில் அது போயிற்று.

சரி, பாடத்தான் முடியவில்லை, இந்தியில் அறிவிப்பாளராகலாம் என்று அகில இந்திய வானொலிக்கு விண்ணப்பித்தார். வாசிப்பு நன்றாயிருக்கிறது, ஆனால் உச்சரிப்பில் குஜராத்தியும் ஆங்கிலமும் கலந்திருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு இது நன்றாகப் புரியும். பிரெஞ்சில் படித்துவிட்டு ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்த புதிதில், என் தமிழில் பிரெஞ்சு வாடை அடிக்கிறது என்று மேலதிகாரி எல்லோர் முன்னிலும் சொல்லிக் காட்டுவார். தொலைபேசி மணி அடித்தால் எடுக்கவே கூசுவேன். அந்தக் கூச்சம் போகப் பல வருஷம் ஆயிற்று.

அமீன் கூசவில்லை. இலங்கை வானொலிக்கான இந்தி நிகழ்ச்சிகள் பம்பாயில், அவர் படித்த செயின்ட் சேவியர் கல்லூரி வளாகத்திலேயே பதிவாயின. போய்க் கேட்டுப் பழகு என்றார் அண்ணன். ஒருநாள் ஓவல்டின் நிகழ்ச்சியில் விளம்பரம் வாசிக்க வேண்டியவர் வரவில்லை. வேடிக்கை பார்க்க வந்த இவரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார்கள். அப்புறம் வாராவாரம் இவர்தான். சம்பளம்? வாரம் ஒரு ஓவல்டின் டப்பா!

அதே சமயம் டெல்லியில் இன்னொன்று நடந்தது. 1952இல் ஒலிபரப்புத் துறைக்கு அமைச்சராக வந்த கேஸ்கருக்குத் திரைப்பாட்டு என்றாலே ஆகாது. படத் தயாரிப்பாளர்களோடும் தகராறு. அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய நின்றே போனது. இலங்கையிடமோ, உலகப் போரில் நேச நாட்டுப் படைகளுக்காக நிறுவி விட்டுப்போன சக்திவாய்ந்த சிற்றலை ஒலிபரப்பி இருந்தது. வேண்டாம் என்று தள்ளிய பாட்டு கடல் தாண்டிப் போனது. தள்ளப்பட்ட குரலும் கூடவே போனது.

1952 டிசம்பர் 3 அன்று கீத்மாலா தொடங்கியது. எழுதுவது, பேசுவது, வரும் கடிதங்களைப் பிரிப்பது எல்லாம் ஒரே ஆள். அதற்கு வாரம் 25 ரூபாய். பெயர் பெற்றவர்கள் யாரும் அந்தப் பணத்துக்கு வர மாட்டார்கள் என்றுதான் இந்த 19 வயதுப் பையனிடம் கொடுத்தார்கள். பம்பாயில் பதிவான நாடா விமானத்தில் கொழும்புக்குப் போகும். முதல் வாரமே 9,000 கடிதங்கள். பிறகு வாரத்துக்கு 65,000 வரை போயிற்றாம். ஒன்பதாயிரத்தைப் பிரித்துப் பார்ப்பதே என்ன பாடு என்று தபால் பதிவேடு எழுதிய எனக்குத் தெரியும்!

அகில இந்திய வானொலியும் 1957 அக்டோபர் 3 அன்று விவித் பாரதியைத் தொடங்கி, சினிமாப் பாட்டுக்குக் கதவைத் திறந்தது. கீத்மாலா அங்கே வந்து சேர்ந்தது 1989இல். ஆள் அதே ஆள்தான்.

அந்தக் குஜராத்தி வாடை கடைசிவரை இருந்ததா என்று எனக்கு ஒரு சந்தேகம். இந்தி நன்றாகத் தெரிந்த என் மருமகளிடம் பழைய பதிவு ஒன்றைக் கைப்பேசியில் போட்டுக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "எனக்கு ஒண்ணும் தெரியலையே மாமா, இன்னொரு தடவை போடுங்க" என்றாள்.