செயற்கூறு: விளையாட்டு நிரல்மொழிகளில்

ஒரு வேலைக்கான கட்டளைகளை ஒரு பெயரில் ஒருமுறை எழுதிவைத்து, வேண்டும்போதெல்லாம் பெயர் சொல்லி வேலை வாங்கும் முறை செயற்கூறு. நிரலர் பேச்சில் ஃபங்ஷன். எழுதிவைப்பது வரையறுத்தல், பெயர் சொல்வது அழைத்தல்.

1949-இல் கேம்பிரிட்ஜில் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணினிக்காக, செயற்கூறின் முன்னோடியான துணைநிரலுக்குப் போய் அழைத்த இடத்துக்கே திரும்பும் உத்தியை டேவிட் வீலர் வகுத்தார். விளையாட்டுக்கென்றே தனி நிரல்மொழி வைத்துக்கொள்ளும் வழக்கத்துக்கு, 1987-இல் 'மேனியாக் மேன்ஷன்' ஆட்டத்துக்காகப் பிறந்த ஸ்கம் முக்கியமான தொடக்கம். 1993-இல் ரியோ டி ஜெனிரோவில் உருவான லுவா, விளையாட்டுக்காகச் செய்யப்பட்டதே இல்லை. ஆனாலும் 1998-இல் 'கிரிம் ஃபண்டாங்கோ' அதை எடுத்துக்கொண்டது. லுவாவில் செயற்கூறும் எண்ணைப்போல ஒரு மதிப்பு. மாறியில் வைக்கலாம், இன்னொரு செயற்கூறுக்குக் கொடுக்கலாம்.

விளையாட்டு நிரலில் பெரும்பாலும் நாம் வரையறுக்கிறோம், ஆட்டத்தை ஓட்டும் மென்பொருளான எஞ்சின் அழைக்கிறது. புதிதாகக் கற்பவர்கள் தடுமாறும் இடம் இதுதான். லுவாவில் எழுதும் 'லவ்' எஞ்சினில் 'அப்டேட்' என்ற செயற்கூறை எழுதிவைத்தால், ஒவ்வொரு ஃபிரேமிலும் எஞ்சினே அதை அழைத்து, கழிந்த நேரத்தைச் செயலுருபாகத் தரும். வேகம் விநாடிக்கு 120 பிக்சல், கழிந்தது 1/60 விநாடி என்றால் நகர்வு 2 பிக்சல். இந்தப் பெருக்கலை விட்டால் வேகமான கணினியில் ஆட்டம் தறிகெட்டு ஓடும்.

எழுதிவைத்ததை எஞ்சினே அழைக்கும் இந்த ஏற்பாடு ஆலைகளிலும் உண்டு. செம்பரம்பாக்கம் ஏரிக்கு மேற்கே, 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. அங்கிருந்து ஒரகடம் வரை நீளும் தொழிற்பட்டைக்கு அது பழக்கமானதே. ஆலை இயந்திரங்களை ஓட்டும் கட்டுப்பாட்டுக் கணினியான பி.எல்.சி., ஸ்கேன் சுழற்சிதோறும் நிரலைத் தானே அழைக்கிறது. அதற்கான ஐ.இ.சி. 61131-3 தரநிலையும் 1993-இல்தான் வந்தது. அதன்படி செயற்கூறுக்கு நினைவு கிடையாது. ஃபங்ஷன் பிளாக்குக்கு உண்டு. டைமரும் கவுண்டரும் பிளாக்குகளாக இருப்பது அதனால்தான். பி.எல்.சி. தெரிந்த டெக்னீஷியனுக்கு விளையாட்டு நிரல் அந்நியமானதல்ல என்று உறுதியாகச் சொல்லலாம்.

தமிழிலேயே செயற்கூறு எழுத முத்தையா அண்ணாமலை 'எழில்' மொழியை உருவாக்கினார். அதுபற்றிய அவர் கட்டுரை 2009-இல் வெளியானது. எழிலில் செயற்கூறை 'நிரல்பாகம்' என்று தொடங்கி எழுதுவது இப்படி:

நிரல்பாகம் கூட்டு(அ, ஆ)
  பின்கொடு அ + ஆ
முடி

கூட்டு(2, 3) என்று அழைத்தால் 5 வரும். வரைபடம் போட்டுப் பழகும் வசதியும் எழிலில் உண்டு.

தமிழ்நாட்டு பிளஸ் டூ கணினி அறிவியல் நூலின் முதல் பாடமே செயற்கூறுதான். இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் ஆலைகளில் வேலைக்குச் சேர நினைக்கும் மாணவர்கள், அதைப் பரீட்சையோடு மறந்துவிட வேண்டாம்.