பழைய வெள்ளி ரூபாய்: அசலா, போலியா? வீட்டிலேயே சோதிக்கும் வழிகள்

வீட்டுப் பெரியவர் மௌத்தான பிறகு பீரோவைத் திறந்தால், நகை, பத்திரங்களோடு சில வீடுகளில் ஒரு சுருக்குப் பையும் கிடைக்கும். உள்ளே பத்து இருபது பழைய வெள்ளி ரூபாய்கள் இருக்கும். விக்டோரியா தலை, ஜார்ஜ் தலை போட்டவை. திருப்பூர், பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கத்துக் குடும்பங்களுக்கு இது புதிதல்ல. வாரிசுகள் சுற்றி உட்கார்ந்து, "அண்ணனுக்கு நாலு, தம்பிக்கு நாலு, தங்கச்சிக்கு ரெண்டு" என்று எண்ணிப் பிரித்துக்கொள்வார்கள். சச்சரவில்லாமல் முடிந்தது என்ற நிம்மதியும் வரும். ஆனால் அந்தப் பத்து நாணயமும் ஒரே மதிப்புடையதுதானா என்று யாரும் பார்ப்பதில்லை. ஒன்றில் வெள்ளி பாதிதான் இருக்கும், இன்னொன்றில் அறவே இருக்காது.

முதலில் அசல் எப்படி இருக்கும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1835-இல் கிழக்கிந்தியக் கம்பெனி நாடு முழுவதற்கும் ஒரே அளவு ரூபாயைக் கொண்டுவந்தது. எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி, மீதி செம்பு. நூற்றுக்குச் சொன்னால் 91.7. குறுக்களவு சுமார் 30.5 மில்லிமீட்டர். ராணி போய் ராஜா வந்தாலும் நூறு ஆண்டுக்கு மேல் இந்தக் கணக்கு மாறவில்லை.

1940-இல் மாறியது. உலகப் போர்க் காலத்தில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்ததால், வெள்ளியைப் பாதியாகக் குறைத்து செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்தார்கள். எடை அதே 11.66 கிராம்தான். 1940 முதல் 1945 வரை வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாய்களெல்லாம் இந்தப் பாதி வெள்ளி நாணயங்களே. கள்ள நாணயத்தைத் தடுக்க விளிம்பிலும் மாற்றம் செய்தார்கள். அதற்கு முன் விளிம்பு முழுவதும் நேர்வரிகள் மட்டுமே இருந்தன. இவற்றில் அந்த வரிகளுக்கு நடுவே ஒரு பள்ளம் ஓடும். 1947-ஆம் ஆண்டின் புலி ரூபாயில் வெள்ளியே கிடையாது, அது நிக்கல். காந்தத்தில் ஒட்டும். இதையும் "வெள்ளி ரூபாய்" என்று விற்கிறார்கள், வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

காந்தத்தில் ஒட்டினால் வெள்ளியில்லை என்பது உறுதி. ஆனால் ஒட்டவில்லை என்பதால் வெள்ளி ஆகிவிடாது. பித்தளை, ஈயம், ஜெர்மன் சில்வர் எதுவும் ஒட்டாது. ஜெர்மன் சில்வரில் பெயரில்தான் வெள்ளி இருக்கிறது. அது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. மேலே வெள்ளி முலாம் பூசிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது.

இங்கே திருப்பூர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. பனியன் கம்பெனிகளில் துணியின் ஜிஎஸ்எம் பார்க்க ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசு இருக்கும். கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் தராசு. நகைக்கடைக்குப் போகாமலே அதில் நாணயத்தைச் சோதித்துவிடலாம்.

முதலில் நாணயத்தை அப்படியே நிறுத்துப் பாருங்கள். தேயாத ரூபாய் 11.66 கிராமுக்கு மிக அருகில் வரும். புழங்கித் தேய்ந்தது 11.4, 11.3 வரை இறங்கலாம். முகம் புத்தம் புதிதாக இருந்தும் 10 கிராம்தான் வருகிறது என்றால் ஒதுக்கி வையுங்கள். 11.8-க்கு மேல் போனாலும் சந்தேகம்தான், ஏனென்றால் நாணயம் தேயுமே தவிர வளராது.

அடுத்தது தண்ணீர்ச் சோதனை. என் அனுபவத்தில் இதைவிட நம்பகமான வீட்டுச் சோதனை இல்லை. ஒரு சின்ன பிளாஸ்டிக் கப்பில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தைத் தையல் நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். நூலைக் கையிலேயே பிடித்திருக்க வேண்டும். இப்போது தராசு ஒரு சிறிய எண்ணைக் காட்டும். நாணயத்தின் எடையை அந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். 11.66 கிராம் நாணயத்துக்கு 1.13 வந்தால் விடை 10.3. இது பழைய 91.7 வெள்ளி. விடை 9.5-ஐ ஒட்டி வந்தால் 1940-களின் பாதி வெள்ளி. 8.4 முதல் 8.9-க்குள் வந்தால் பித்தளையோ ஜெர்மன் சில்வரோதான். முலாம் எவ்வளவு பூசியிருந்தாலும் இந்தக் கணக்கை ஏமாற்றுவது கடினம். நாணயத்தில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் மட்டும் கணக்கு தவறும்; ஒரு முறை ஆட்டிவிட்டு மறுபடி பாருங்கள்.

நான் சேகரிக்கத் தொடங்கிய புதிதில் சந்தையில் ஆசைப்பட்டு வாங்கிய "விக்டோரியா" இந்தச் சோதனையில் 8.6 காட்டியது. விற்றவரை மறுபடி பார்க்கவே முடியவில்லை.

எடை தேறினால் அடுத்து கண். துணியில் லூப் எண்ணும் அதே கண்ணாடியை நாணயத்தின் மீது வையுங்கள். அச்சில் அடித்த நாணயத்தில் எழுத்தின் ஓரம் கூர்மையாக எழுந்து நிற்கும். வார்த்த போலியில் ஓரம் மழுங்கி, பரப்பில் ஊசிமுனைக் குழிகள் தெரியும். விளிம்பைச் சுற்றி மெல்லிய இணைப்புக் கோடு இருந்தால் இரண்டு பாதி அச்சில் வார்த்தது என்று பொருள். ஒரே கீறல், ஒரே பள்ளம் இரண்டு நாணயங்களில் ஒரே இடத்தில் இருந்தால் இரண்டுமே ஒரே வார்ப்பில் வந்தவை. அந்தக்கால சராப்புகள் வெள்ளியைச் சோதிக்க முகலாய ரூபாய்களில் குத்திய சிறு முத்திரைகளையும் போலிகள் இப்படியே நகலெடுத்துவிடுகின்றன.

ஆண்டையும் பாருங்கள். "விக்டோரியா குயின்" என்றிருந்தால் 1876 வரை, "எம்ப்ரஸ்" என்றிருந்தால் 1877 முதல். மாறி வந்தால் போலி. 1939 ரூபாய் மிக அரிது. அதனால் 1938-இன் கடைசி எண்ணைச் சுரண்டி 9 ஆக்கும் வேலை நடக்கிறது. 1911 ரூபாய்க்குத் தனிக் கதை உண்டு. அதில் ஐந்தாம் ஜார்ஜின் அங்கியிலுள்ள யானையின் துதிக்கை குட்டையாக இருந்து, பார்வைக்குப் பன்றி போலத் தெரிந்தது. முஸ்லிம்களிடமிருந்து எதிர்ப்பு வந்ததும் அரசு அதை நிறுத்தி, பெரும்பகுதியை உருக்கிவிட்டது. 1912-இல் துதிக்கையைத் திருத்தினார்கள். 1911 என்று போட்டு, துதிக்கை தெளிவாக இருக்கும் ரூபாயை நம்ப வேண்டாம்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொரு வசதியும் உண்டு. எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்களில் பார்சியில் "யக் ருப்பியா" என்றிருக்கும். முகலாய ரூபாய்களில் முழுவதுமே பார்சி, அரபி எழுத்துகள். வார்ப்பவருக்கு அந்த எழுத்து தெரியாவிட்டால் புள்ளி தவறும், எழுத்து உடையும். மக்தபில் ஓதும் பிள்ளையிடம் காட்டினால் எழுத்தின் பிசகை உடனே சொல்லிவிடும்.

கலிமா பொறித்த நாணயம் என்றால் நம்மவர்கள் விலை பேசுவதில்லை, முத்தமிட்டு வாங்கிவிடுகிறார்கள். விற்பவனுக்கும் அது தெரியும். ஷாஜஹான் ரூபாய்களில் கலிமா உண்டு. ஆனால் கண்ட கைகளில் புழங்கி அவமதிப்பாகக் கூடாது என்று ஔரங்கசீப் அதை நாணயங்களிலிருந்து எடுத்துவிட்டார். அவர் பெயரும் கலிமாவும் சேர்ந்து வந்தால் எச்சரிக்கை தேவை. திப்பு சுல்தான் படம் போட்ட வெள்ளி நாணயம் என்று யாராவது நீட்டினால் எடை பார்க்கவே வேண்டாம். திப்பு தன் உருவத்தை எந்த நாணயத்திலும் போடவில்லை. யானை இருப்பது அவருடைய செப்புக் காசுகளில்தான். வெள்ளி ரூபாயில் எழுத்து மட்டுமே. மௌலூதி ஆண்டு போட்ட அவருடைய நாணயங்களில் எண்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும்.

கொங்கு நாட்டில் பெரிய மோசடி புதையலின் பெயரால் நடக்கிறது. கோவைக்கு அருகே வெள்ளலூரில் 1842-இல் ரோமானிய வெள்ளிக் காசுகள் குவியலாகக் கிடைத்தன. உடுமலைப் பக்கம் பூதிநத்தத்திலும் ஆயிரத்துக்கும் அதிகமானவை கிடைத்தன. அதனால் "கட்டடத்துக்குக் கடைக்கால் தோண்டும்போது கிடைத்தது, வெளியே சொல்லாதீர்கள்" என்ற பேச்சு இங்கே எளிதில் எடுபடுகிறது. முதலில் தரும் ஒரு காசு அசலாகவே இருக்கும். டச் கடையில் சோதித்துக்கொள்ளச் சொல்வதும் அவர்களே. பணத்தைக் கொடுத்து வாங்கும் பையில்தான் முலாம் பூசியவை இருக்கும். அசலாகவே இருந்தாலும் சிக்கல்தான். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, கிடைத்ததைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறு ஆண்டைக் கடந்த நாணயத்தை அனுமதியின்றி வெளிநாடு கொண்டுபோவதும் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி குற்றம். துபாய்க்குப் போகும் பெட்டியில் பாட்டனாரின் காசை நினைவுக்காக வைப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

ஜகாத் கணக்குக்கும் இந்தச் சோதனை தேவைப்படும். வெள்ளியின் நிஸாப் ஐம்பத்திரண்டரை தோலா, அதாவது 612.36 கிராம். பழைய ரூபாய் சரியாக ஒரு தோலா என்பதால், தேயாத 53 ரூபாய் இருந்தாலே எடை அளவில் நிஸாபைத் தாண்டும். பாதி வெள்ளி ரூபாய்கள் கலந்திருந்தால் அவற்றைத் தனியாகப் பிரித்து, எத்தனை என்று குறித்துக்கொண்டு உங்கள் மத்ஹபுப்படி ஆலிமிடம் கேளுங்கள். கலப்பு வெள்ளியைக் கணக்கிடுவதில் ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு.

பங்கு பிரிப்பதற்கு முன்பும் இப்படித்தான் மூன்று குவியலாக வையுங்கள்: 1939 வரையிலானவை, 1940 முதல் 1945 வரையிலானவை, சந்தேகத்துக்குரியவை. அதுவரை யாரும் புளி போட்டோ எலுமிச்சை போட்டோ தேய்க்க வேண்டாம். கறுத்துப்போன அசல் நாணயத்துக்குச் சேகரிப்பாளர் கொடுக்கும் விலையை, பளபளவென்று தேய்த்ததற்குக் கொடுக்க மாட்டார்.