பகைவழி வந்த நட்பு

1772-ஆம் ஆண்டிலே, வில்னா நகரத்து யூதப் பெரியோர் ஹசீதியரைச் சமூகத்தினின்றும் விலக்கி வைத்தனர். வேதக் கல்வியினும் பக்திப் பரவசத்தை மேலாகப் போற்றுவது நெறி பிறழ்வென்பது அவர்தம் கருத்து. 1798-இல், ஹபாத் என்னும் ஹசீதியக் கிளையை நிறுவிய ஷ்னேயூர் சல்மான், எதிர்ப்பாளர் புகாரினால் ருஷ்யச் சிறையிலும் வாடினார்.

அப்பகையின் இரு கரைகளிலும் பிறந்த இருவரை நாம் இங்கு நினைவுகூர்வோம். ரப்பி ஜோசப் சொலவேச்சிக் (1903–1993) வில்னாப் பேரறிஞரின் மாணாக்கர் மரபினர். ரப்பி மெனாகெம் மெண்டல் ஷ்னேயர்சன் (1902–1994) சல்மானின் வழித்தோன்றல். எனினும் சொலவேச்சிக், இளமையிலேயே ஹபாத் ஆசிரியர் ஒருவரிடம், சல்மான் இயற்றிய ‘தன்யா’ என்னும் நூலைப் பயின்றிருந்தார்.

உயர்கல்வி நாடிப் பெர்லின் சென்ற இவர்கள், 1920-களின் இறுதியில் அங்கே நண்பராயினர். பின்னர் இருவரும் அமெரிக்கா சேர்ந்தனர். சொலவேச்சிக் பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் ஆசானாக விளங்கினார்; ஷ்னேயர்சன் 1951-இல் ப்ரூக்ளினில் ஹபாத் தலைமையை ஏற்றார்.

1964-இல் ஷ்னேயர்சனின் அன்னையார் மறைந்தபோது, சொலவேச்சிக் துக்கம் விசாரிக்கச் சென்று நெடுநேரம் உரையாடினார். 1980-இல், நண்பரது தலைமையின் முப்பதாம் ஆண்டு விழாவிற்கும் முதுமை பாராது சென்றார். தலைவர் எழுந்து நின்று அவரை வரவேற்றார்.

இருவரும் தத்தம் நெறியினின்றும் இறுதிவரை வழுவினாரல்லர். முன்னோர் தந்த கல்வியையும் வழிபாட்டையும் போற்றிக் காத்த அவர்கள், முன்னோர் பகையை மட்டும் தம்மோடு கொண்டு செல்லவில்லை. மரபைப் பேணுவோர் யாவரும் இத்தெரிவினை எண்ணிப் பார்த்தல் நலம்.