மக்கள் தொடர்புக் கலையில் ஒரு திருப்பம்

மக்கள் தொடர்பு என்னும் தொழில் பேசுவதற்கென்றே பிறந்ததாகும். கேட்பது பின்னாளில் வந்த பழக்கம். அமெரிக்காவில் ஐவி லீ என்பார் 1906ஆம் ஆண்டில் கொள்கை விளக்கம் ஒன்றை வெளியிட்டார். தம் பணி ஒளிவுமறைவற்றது என்றும், பத்திரிகைகளுக்கு உண்மைச் செய்திகளை விரைந்து வழங்குவதே தம் நோக்கம் என்றும் அதில் உரைத்தார். அந்நாளில் அது பெரிய முன்னேற்றமே. ஆயினும் லீயின் கண்முன் நின்றவர் பத்திரிகை ஆசிரியர். பொதுமக்களோ அவருக்குப் பின்னால் முகந்தெரியாக் கூட்டமாக நின்றனர்.

1984இல் ஜேம்ஸ் குரூனிக், டாட் ஹன்ட் ஆகிய இருவர் இத்தொழிலின் முறைகளை நான்காக வகுத்தனர். அவற்றுள் இறுதியானது, மக்களை மாற்ற முயலும் நிறுவனம் மக்களால் தானும் மாற இசைவது. நூலில் எழுதுவது எளிது. மறுமொழி கூற மக்களிடம் தபால் தலையையும் தொலைபேசியையும் தவிர வேறென்ன இருந்தது?

சமூக ஊடகம் அந்நிலையை மாற்றியது. பேஸ்புக் 2004இலும் யூடியூப் 2005இலும் தோன்றின. நிறுவனங்கள் பலவும் அவற்றைப் புதியதோர் ஒலிபெருக்கியாகவே முதலில் கருதின. அக்கருத்துத் தகர்ந்த விதத்தை அறிய, செம்பனை விளையும் இவ்வட்டாரத்தோடு தொடர்புள்ள நிகழ்ச்சியொன்றே போதும்.

2010 மார்ச்சில் கிரீன்பீஸ் இயக்கம் ஒரு சிறு படத்தை வெளியிட்டது. அலுவலகத்தில் ஒருவர் கிட்காட் மிட்டாயைப் பிரித்துக் கடிக்கிறார். அவர் கடிப்பதோ ஓராங் ஊத்தானின் விரல்! இந்தோனீசியக் காடுகளை அழித்துப் பெறும் செம்பனை எண்ணெயை நெஸ்லே பயன்படுத்துகிறது என்பதே குற்றச்சாட்டு. பதிப்புரிமையைக் காட்டி அப்படத்தை யூடியூபிலிருந்து நெஸ்லே அகற்றச் செய்தது. மறைத்த பொருளைக் காணும் ஆவல் யாருக்குத்தான் எழாது? வேறு தளங்களில் அது பரவிற்று. நிறுவனத்தின் பேஸ்புக் பக்கத்தில் கண்டனங்கள் குவிந்தன. பக்கத்தைக் கவனித்தவர் ஏளனமாக விடையிறுத்தார். சின்னத்தைத் திரித்துத் தம் படமாக வைத்துக்கொண்டோரின் கருத்துகள் நீக்கப்படும் என்றும் எச்சரித்தார். பின்னர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அவ்வாண்டு மே மாதத்திலேயே, காடழிப்போடு தொடர்புடைய தோட்டங்களைக் கொள்முதலிலிருந்து விலக்குவதாக நெஸ்லே அறிவித்தது.

ஏளனப் பேச்சு இதில் சிறு பிழையே. பேசியவரை மாற்றினால் அது தீர்ந்துவிடும். மக்கள் கேட்டது இனிய சொல்லையன்று. எண்ணெய் வாங்கும் இடத்தை மாற்றச் சொன்னார்கள். அம்முடிவு மக்கள் தொடர்பு அதிகாரியின் மேசையில் இல்லை, கொள்முதல் அதிகாரியின் மேசையில் இருந்தது. ஆகவே, வெளியே பேசுவதற்கு நிகராக உள்ளேயும் வாதாட வேண்டிய பொறுப்பு மக்கள் தொடர்பாளருக்கு வந்து சேர்ந்தது.

இப்பொறுப்பை ஏற்பதினும் எளிய வழியொன்றும் உண்டு. விருப்பக்குறிகளையும் கண்டனங்களையும் எண்ணிக் காட்டும் மென்பொருளை வாங்கி, அதற்குச் ‘செவிமடுத்தல்’ என்று பெயர் சூட்டிவிடலாம். எத்தனை பேர் சினந்தனர் என்பதை அது நாள்தோறும் தெரிவிக்கும். தோட்டத்தின் ஓரத்தே வாழ்ந்து, இணையத்தில் ஒரு வரியும் எழுதாதவர் மட்டும் அக்கணக்கில் வருவதில்லை.