கார் காப்பீடு (மலைச்சாலைப் பயன்பாடு)

பொதுச்சாலையில் ஓடும் காருக்கு 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்குகிறது. இது பிறருக்கு நேரும் உயிரிழப்பு, காயம், சொத்துச் சேதம் ஆகியவற்றுக்கே ஈடு தரும். சொந்தக் காருக்குத் தராது. வத்தலக்குண்டு, பழனி வழியாகக் கொடைக்கானல் ஏறும் சாலைகளில் மழைக்காலத்தில் மண் சரிவதும் மரம் சாய்வதும் உண்டு. வளைவில் நிற்கும் காரின் கண்ணாடியைப் பாறை உருண்டு நொறுக்கினால், சொந்தச் சேதத்தையும் சேர்த்த முழுக் காப்பீடு எடுத்தவருக்கே பழுதுச் செலவு கிடைக்கும். கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு இல்லை; மற்ற பல பாகங்களுக்கு அந்தக் கழிவு போக மீதிதான். குடித்துவிட்டு ஓட்டினால் எதுவும் கிடைக்காது. இழப்பீடு கோராத ஆண்டுகளுக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20 முதல் 50 சதவீதம் வரை தள்ளுபடி உண்டு. காப்பீடின்றி ஓட்டினால் முதல்முறை அபராதம் 2,000 ரூபாய். 3 மாதம் வரை சிறையும் விதிக்கலாம்.