விலையில்லா மடிக்கணினியின் புனர்ஜன்மம்

2011 செப்டம்பர் 15ஆம் தேதி அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் பயனாய், தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பிரசித்தி பெற்ற பாளையங்கோட்டையில், அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் கல்லூரிகளிலும் பயின்ற மாணாக்கர் மூலம், அதுவரை கணினியே கண்டிராத அநேக இல்லங்களுக்குள் மடிக்கணினி பிரவேசித்தது. என் அபிப்பிராயத்தில், வீட்டுக்கொரு நூலகம் வாய்த்ததற்கு நிகரான பாக்கியம் அது. காலக்கிரமத்தில் அம்மடிக்கணினிகள் மந்தமானதற்குப் பிரதான காரணங்கள், சுழலும் தட்டின்மீது நுண்ணிய தலையொன்று அங்குமிங்கும் நகர்ந்து தகவலைத் தேடவேண்டியிருந்த ஹார்ட் டிஸ்க்கும், புதிய மென்பொருள்களுக்குப் போதாத ரேமும், காற்றாடியில் படிந்த தூசியுமே. கோப்புகளைப் பிரதியெடுத்து வைத்துக்கொண்டு, அடிப்புறத் திருகுகளைக் கழற்றித் தூசியைத் தூரிகையால் நீக்கி, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகச் சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டியைப் பொருத்தி, லுபுண்டு போன்ற இலகுவான இயங்குதளத்தை நிறுவினால், நிமிஷக்கணக்கில் காக்கவைத்த யந்திரம் சில விநாடிகளில் எழுந்துவிடுகிறது. ரேமைக் கூட்ட வசதியில்லாத மாதிரிகளிலும், தட்டை மாற்றுவது ஒன்றே கணிசமான பலன் தருகிறது.