கராச்சி வழியாகப் போன பிள்ளைகள்

உடன்குடியில் கூடியிருக்கும் நாம் இன்று ஒரு கப்பல் பயணத்தை நினைத்துப் பார்ப்போம். 1943 ஜனவரியில் நூற்றுக்கணக்கான யூதச் சிறார்கள் ஈரானிலிருந்து கப்பலேறி, அன்று பிரிபடாத இந்தியாவில் இருந்த கராச்சிக்கு வந்தார்கள். வரலாறு இவர்களைத் ‘தெஹ்ரான் குழந்தைகள்’ என்கிறது.

1939இல் நாஜிப் படை போலந்துக்குள் நுழைந்ததும் கிழக்கே ஓடிய குடும்பங்களின் பிள்ளைகள் இவர்கள். சோவியத் அரசு அக்குடும்பங்கள் பலவற்றைச் சைபீரியாவுக்கு நாடு கடத்தியது. பசியிலும் நோயிலும் பெற்றோரை இழந்தவர்கள் பலர். உயிரோடிருந்த தாய்மார் சிலர், ரொட்டியாவது கிடைக்கட்டும் என்று பிள்ளைகளைத் தாமே அனாதை இல்லத்தில் விட்டார்கள். 1942இல் போலந்துப் படையோடு அவர்கள் ஈரான் சேர்ந்தார்கள். ஈராக் வழிவிட மறுத்ததால் கராச்சி, சூயஸ் என்று சுற்றி, 1943 பிப்ரவரி 18 அன்று பாலஸ்தீனத்தின் அத்லித் போய்ச் சேர்ந்தார்கள். அவ்வாண்டே ஜெருசலேமில் அவர்கள் சொன்னவை வாக்குமூலங்களாக எழுதப்பட்டன.

அதற்கு முந்தைய ஆண்டு, ஜப்பானியப் படைக்கு அஞ்சி இலட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினார்கள். பெருந்தொகையினர் காட்டிலும் மலையிலும் நடந்தே வந்தார்கள். அவர்களில் தமிழ், தெலுங்குக் கூலிக் குடும்பங்கள் இருந்தன. நம் சேரிப் பிள்ளைகளும் இருந்தார்கள். அந்த ஓட்டத்திலும் வெள்ளையருக்கு ஒரு பாதை, கறுப்பருக்கு ஒரு பாதை. வழியில் தாயைப் பறிகொடுத்த பிள்ளையிடம் வாக்குமூலம் வாங்க எவரும் மேசை போடவில்லை.

துயரத்தை எடைபோட இதைச் சொல்லவில்லை. எழுதிவைத்ததால்தான் அந்த யூதக் குழந்தையின் பசி நம் காதுவரை வந்திருக்கிறது. பர்மாவிலிருந்து குழந்தையாய் வந்தவர்கள் இன்று எண்பதைக் கடந்தவர்கள். மாணவத் தோழர்களே, உங்கள் தெருவில் விசாரியுங்கள். பெயர், ஊர், வழியில் விட்டுவந்தவர் யார் என்று கேட்டு எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே எழுதுங்கள்.